மூக்கால் அளந்த தைலம்

நவம்பர் 8, வெள்ளி

தீபாவளியோடு வந்த காய்ச்சல் ஒருவழியாக இன்று விட்டது. சுட்ட பலகாரத்தில் ஒன்றைக்கூட நான் வாயில் வைக்கவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்கள். தலை இன்னும் கனக்கிறது. படுத்துக்கிடக்க நேரமில்லை.

காலையில் கோபியிலிருந்து அண்ணன் போன். "ஏனம்முணி, ஒடம்பு தேவலையா?" என்று ஆரம்பித்தவர் மூச்சு விடுவதற்குள் பழைய பாட்டுக்கு வந்துவிட்டார். ஒற்றைப் பொம்பளை மேட்டுப்பாளையத்தில் வாடகை வீட்டில் உட்கார்ந்து எண்ணெய் கலக்கி என்ன கிழிக்கப் போகிறேனாம். அவர் வீட்டு மாடி அறை சும்மா கிடக்கிறதாம். அண்ணிக்கு இடுப்பு வலியாம். அதாவது சோறாக்க ஆள் வேண்டும். அதை நேராகச் சொல்லாமல் பாசத்தில் சுருட்டித் தருகிறார். எனக்கு விவாகரத்து ஆன அன்று இப்படிக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அன்றைக்கு அண்ணிக்கு இடுப்பு நன்றாக இருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கோயமுத்தூர்க் கடையில என்ற சரக்கு ஏறுதா இல்லையான்னு பாருங்ணா. தை பொறக்கறதுக்குள்ள ஏறலைன்னா நானே பெட்டி கட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாக்குக் கொடுத்தால் மாற மாட்டேன் என்று அண்ணனுக்குத் தெரியும். அவர் உடனே போனை வைத்துவிட்டார்.

கடை என்றால் ஆர்.எஸ். புரத்தில் கோகிலவாணி மேடம் நடத்தும் இயற்கை அங்காடி. என் மசாஜ் எண்ணெயையும் சோப்பையும் மார்கழிக்குள் கேட்டிருக்கிறார். பிடித்துப்போனால் கடை அலமாரியில் ஒரு தட்டு முழுக்க எனக்கே. அது நடந்துவிட்டால் கோபி மாடி அறை சும்மாவே கிடக்கட்டும்.

நவம்பர் 11, திங்கள்

மசாஜ் எண்ணெய் கலந்தேன். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பாதிப்பாதி. அதில் எலுமிச்சைப்புல் தைலம், கிராம்புத் தைலம், பட்டைத் தைலம்.

யூடியூப் பார்த்துச் செய்கிறவர்கள் சொட்டுச் சொட்டாக எண்ணுவார்கள். எனக்கு அந்த வழக்கமே இல்லை. ஊற்றிக் கலக்கி, சட்டிக்கு மேல் குனிந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும். இவ்வளவு போதும், இன்னும் கொஞ்சம் விடு என்று மூக்கு சொல்லிவிடும். "சாந்தாமணி கை வைத்தால் ஒரே மணம்" என்று ஊர் சொல்வது இந்த மூக்கை நம்பித்தான்.

இன்றைக்கு என்னவோ தைலமே செத்துக் கிடக்கிறது. வழக்கமாக விடுவதை விட்டேன், ஒன்றும் எழவில்லை. இன்னும் விட்டேன். பட்டைத் தைலத்தைச் சரித்தே ஊற்றினேன். அப்படியும் குழாய்த் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. தைலம் கொடுக்கும் கோத்தகிரி போஜன் கலப்படம் செய்ய ஆரம்பித்துவிட்டார். வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

ரசத்தில் பெருங்காயம் தெரியவே இல்லை. கடைக்காரன் மைதா மாவை உருட்டி விற்கிறான்.

நவம்பர் 17, ஞாயிறு

போஜன் மலையிலிருந்து தைலக் கேன்களோடு இறங்கி வந்தார். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். பதினைந்து வருடமாக வாங்குகிறேன், என்னிடமே தண்ணீர் கலக்கிறீர்களா என்று கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை. ஒரு புட்டியைத் திறந்து தன் மூக்கருகே கொண்டுபோனார். கண்ணில் நீர் கொட்டித் தும்மிவிட்டார்.

"அம்மா, இது போன மாசம் காய்ச்சின சரக்கு. இதைவிட ஒசத்தி என்கிட்டயே கெடையாது. உங்களுக்குச் சளி கிளி இருக்குதுங்களா?"

சளி போய் ஒரு வாரம் ஆகிறது. என் மூக்கையா சந்தேகப்படுகிறார்? அவர் முன்னாலேயே நீலகிரித் தைலத்தைத் திறந்து இழுத்துக் காட்டினேன். ஜில்லென்று உச்சந்தலை வரைக்கும் ஏறியது. மூக்கு வேலை செய்யாமலா ஏறும்? "பாத்துக்கங்க" என்றேன். அவர் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நல்லவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் போன பிறகு சோப்புக் கலவையிலும் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

நவம்பர் 20, புதன்

போன வாரம் கொடுத்தது தீர்ந்திருக்கும் என்று அசீனா கடைக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த தெருவில் தன் வீட்டு முன்னறையிலேயே பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஃபேஷியல், தலை மசாஜ், கல்யாணப் பெண்ணுக்கு உடம்பு மசாஜ், எல்லாவற்றுக்கும் என் எண்ணெய்தான். இந்த ஊரில் நான் உட்கார்ந்து டீ குடிக்கிற ஒரே வீடும் அதுதான். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் மட்டும் என்னைவிட நீளம்.

இன்று கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். "என்னடி இது, ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்றேன்.

"இப்பெல்லாம் கஸ்டமருக்கு இதான் புடிக்குதுங்க்கா. சுத்தபத்தமா இருக்கறோம்னு நெனைப்பாங்க."

உறை போட்டுக்கொண்டு மசாஜ் செய்தால் கை உடம்பில் எப்படி ஒட்டும்? சொன்னேன். சிரித்து மழுப்பினாள். டீ போட்டுத் தருகிறேன் என்று எப்போதும் சொல்கிறவள் இன்று சொல்லவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

நவம்பர் 25, திங்கள்

பால் அடிப்பிடித்துப் பாத்திரம் கரியாகிவிட்டது. பக்கத்திலேயேதான் காய் நறுக்கிக்கொண்டு நின்றேன். புகை கண்ணை மறைத்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். ஏதோ யோசனை.

நவம்பர் 30, சனி

பேங்க் மாலாவின் போன். என் எண்ணெயைக் கழுத்தில் தடவியதிலிருந்து தீயாய் எரிகிறதாம், சிவந்து தடித்திருக்கிறதாம். "உங்களுக்குச் சூட்டு உடம்புங்க, மோர் குடிங்க" என்றேன். அவள் டக்கென்று போனை வைத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவள் புதிதாக ஏதாவது செயின் போட்டிருப்பாள். கவரிங் நகை ஒத்துக்கொள்ளாமல் இருக்கும்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. எதைத் தின்றாலும் உப்பும் காரமும்தான் தெரிகிறது, மற்றதெல்லாம் அட்டையை மெல்வதுபோல இருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

கோகிலவாணி மேடத்துக்குச் சாம்பிள் புட்டிகளை நிரப்பி லேபிள் ஒட்டினேன். பார்வைக்கு அம்சமாக இருக்கிறது. நாளைக்குத் தபாலில் போட வேண்டும். அண்ணன் டெம்போவுக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். அண்ணி போனில் சொன்னாள். சொல்லி வைக்கட்டும். டெம்போ வெறுமனே திரும்பிப் போகத்தான் போகிறது.

அசீனாவைப் பார்த்து நாளாகிறது. இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் உள்ளே கஸ்டமர் இருக்கிறார்கள் என்று வாசலோடு அனுப்பிவிட்டாள். வாசலில் ஒரு செருப்பைக்கூடக் காணவில்லை. நான் என்ன பாவம் செய்தேன் என்று தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். எனக்கும் ரோசம் இருக்கிறது.

டிசம்பர் 13, வெள்ளி. கார்த்திகை தீபம்

இன்று தீக்குச்சியை உரசியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இன்றைக்கு இவ்வளவுதான். நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 14, சனி

நேற்று பொழுது சாயும் நேரம். அகல்களில் எண்ணெய் விட்டுத் திரி போட்டு, சமையல்கட்டு மேடையில் வரிசையாக வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன். வாசலில் அசீனா. கையில் மூடிய கிண்ணம். கதவைத் தாண்டிக் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். அடுத்த நொடி கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் கையிலிருந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டாள்.

"கேஸு கசியுதுங்க்கா. வீடு பூராங் கப்புனு அடிக்குது. நிக்காதீங்க, வெளிய போங்க."

என்னைத் தள்ளிக்கொண்டே சிலிண்டர் வாயை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள். நான் வாசலில் நின்று, அடிக்கிறது அடிக்கிறது என்கிறாளே, என்ன அடிக்கிறது என்று மோந்து மோந்து பார்த்தேன். காற்று சும்மா காற்றாகத்தான் இருந்தது.

அவளும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். ஜன்னல் கொக்கியில் மாட்டி ஒரு கையின் ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. உள்ளே விரல்கள். தோல் வெடித்து, கணுவுக்குக் கணு பிளந்து, சில இடத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. இழுத்து மறைக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. இன்னொரு கை உறையையும் நானே கழற்றினேன். அது இதைவிட மோசம்.

"எப்படீடி?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி கேட்டேன்.

"உங்க எண்ணெய்தானுங்க்கா. போன மாசம் வந்ததுல இருந்து. பாட்டலத் தொறந்தாலே கண்ணு எரியும், தும்மல் வரும். ஒரு கஸ்டமரு முதுகு பூரா செவந்துபோச்சு. அதுக்கப்பறம் அந்த எண்ணெய நான் யாருக்கும் போடல. ஆனா என்ற கையி கேக்கல."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு கோபிக்குப் போயிருவீங்க. உங்க ரோசம் எனக்குத் தெரியாதா? நாலு நாள்ல நீங்களே கண்டுபுடிப்பீங்கன்னு பாத்தேன்." அப்புறம் தயங்கிக் கேட்டாள். "அந்த எண்ணெயத் தொறந்தா உங்களுக்கு ஒண்ணுமே வரலீங்களாக்கா?"

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். வரவில்லை. காய்ச்சல் விட்ட நாளிலிருந்து எனக்கு எதுவுமே வரவில்லை. நேற்று அவள் போன பிறகு இருக்கிற புட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நீலகிரித் தைலம் ஜில்லென்று ஏறுகிறது, கிராம்பு குத்துகிறது, அவ்வளவுதான். ஏறுகிறதும் குத்துகிறதும் வாசனை இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். தெரியாத மாதிரியே இருந்தேன். மல்லிகையை முகத்தில் அப்பிக்கொண்டு பார்த்தேன், வெறும் ஈரம். உட்கார்ந்து அழுதேன். அசீனா கைக்காக அழுதேனா மூக்குக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

அழுதது போதும். அசீனாவை இழுத்துக்கொண்டு கோயமுத்தூர் போனேன். முதலில் அவளுக்குத் தோல் டாக்டர், பிறகு எனக்குக் காது மூக்கு டாக்டர்.

தோல் டாக்டர் சின்னப் பெண். மூடி வைத்திருந்த என் எண்ணெய்ப் புட்டியைக் கொடுத்தேன். கொஞ்சமாகத் திறந்து மோந்துவிட்டு உடனே மூடினாள். "எவ்வளவு கலந்தீங்க?" என்றாள். தெரியாது என்றேன். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. உடம்பில் தடவி அப்படியே விடுகிற எண்ணெயில் தைலம் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாதாம். பட்டை, கிராம்பு, எலுமிச்சைப்புல் என்றால் அதைவிடவும் குறைவாம். பட்டையை உடம்பு எண்ணெயில் சேர்க்காமல் இருப்பதே நல்லதாம். யாருக்குக் கொடுத்தாலும் முதலில் முழங்கைக்கு உள்பக்கம் துளி தடவி இரண்டு நாள் பார்க்கச் சொல்ல வேண்டுமாம்.

"இயற்கைதானேங்க?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"செங்காந்தள் கிழங்கும் இயற்கைதான். தின்னுவீங்களா?" என்றாள்.

அசீனா களுக்கென்று சிரித்தாள். அடுத்து அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு போய்விட்டது. கை ஆறிவிடும். ஆனால் ஒருமுறை தோல் இப்படி எதிர்த்துக்கொண்டால் மறக்காது. எலுமிச்சைப்புல், பட்டை இரண்டையும் இனி ஆயுசுக்கும் அசீனா தொடக்கூடாது. கை ஆறும்வரை டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு மட்டும்தான், வாசனையுள்ள எதுவும் ஆகாது. அசீனா உட்கார்ந்திருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

மூக்கு டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், மாதங்கள் ஆகலாம். காலையும் மாலையும் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரி நான்கையும் நினைவுபடுத்திக்கொண்டே மோந்து பழகச் சொன்னார். மூக்கைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது போலத்தான்.

பஸ்ஸில் அசீனா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கையில் வெள்ளைத் துணிக் கட்டு. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 18, புதன்

விற்ற புட்டியை எல்லாம் திரும்ப வாங்கக் கிளம்பினேன். மாலா வீட்டுக்குத்தான் முதலில் போனேன். மோர் குடிக்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. அது நியாயம்தான்.

மளிகைக்கடை ருக்மணியம்மா புட்டியைத் தரவே மாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இத்தன நாள்ல இப்பத்தான் ஒழுங்காச் செஞ்சிருக்கற. மூடியத் தொறந்தா மூக்கு மேல அடிக்குது. இதானே அசலு?" கை எரியவில்லையா என்றேன். "எரிஞ்சாத்தானே வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்கிறார். இப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம், நானும் நினைத்தேன். பேச்சுக்குப் பேச்சு மல்லுக்கட்டி, கடைசியில் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டுதான் வந்தேன். ஒருவேளை எண்ணெய் பட்டு எரிந்தால் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், வெறும் தேங்காயெண்ணெயால் துடைத்து எடுத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

எல்லாப் புட்டியையும் ஒரு பெட்டியில் அடுக்கிக் கட்டி, தொடக்கூடாது என்று எழுதிப் பரணில் ஏற்றினேன்.

டிசம்பர் 20, வெள்ளி

கோகிலவாணி மேடத்திடம் நேரில் போய்ச் சாம்பிள்களைத் திருப்பி வாங்கினேன். தபாலில் அனுப்பியது சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்லிவிட்டேன், மூக்கையும் சேர்த்துத்தான்.

அவர் மேசையிலிருந்த சாம்பிள் புட்டிகளைப் பார்த்தார். "இத நாங்க வெச்சு வித்திருந்தா என்னாயிருக்கும்?" என்றார்.

"அதுக்குத்தானுங்க வந்தேன்."

"வேற ஏதாச்சும் செஞ்சாக் கொண்டாங்க. ஆனா தட்டு காலியா வெச்சிருக்க முடியாதுங்க. சேலத்துக்காரர் ஒருத்தர் கேக்கறாரு, அவருக்குக் குடுத்துருவேன்."

கொடுக்கட்டும். அவர் கடை, அவர் தட்டு. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. தை பிறக்க இன்னும் மூன்று வாரம் சொச்சம். இனி அந்தத் தட்டில் என் சரக்கு ஏறப்போவதில்லை. கோபி மாடி அறையில் ஒரு நீல பீரோ உண்டு. அதில் என் புடவைகளை அடுக்குவதாக ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். மாட்டேன்.

டிசம்பர் 23, திங்கள்

நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். இனி எதைச் செய்தாலும் நிறுத்துத்தான் செய்வேன்.

வாசனையோடு எதுவும் செய்யப் போவதில்லை. முதலில் அசீனா கைக்கு ஒரு களிம்பு. தேன்மெழுகு, எண்ணெய், வேறெதுவும் இல்லை. சோற்றுக் கற்றாழையைச் சேர்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். தண்ணீர்ச் சத்து உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும்.

டிசம்பர் 27, வெள்ளி

முதல் டப்பா உருப்படவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது. மெழுகு அதிகம்.

டிசம்பர் 30, திங்கள்

இரண்டாவது டப்பா பதமாக வந்தது. பெருமையாக அசீனாவிடம் நீட்டினேன். மோந்தாள். "தேன் வாசம் அடிக்குதுங்க்கா. அப்பறம் தேங்கா வாசம்."

எனக்கு எரிச்சலாக வந்தது, அவள் மீது இல்லை. வாசனையே இல்லாத ஒன்றைச் செய்ய நான் கிளம்பியிருக்கிறேன், அது இருக்கிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. இதைவிடக் கேலிக்கூத்து உண்டா? தோல் டாக்டரிடம் போனில் கேட்டேன். மஞ்சள் மெழுகே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சுத்தம் செய்த வெள்ளை மெழுகு கிடைக்குமா பாருங்கள் என்றாள். எண்ணெய்க்குச் சூரியகாந்தி.

"சோதிச்சுச் சொல்ல நான் இருக்கறேன்ல, நீங்க கிண்டுங்க" என்றாள் அசீனா. அவள் கையில் கட்டு இல்லை, புதுத் தோல் ரோஸ் நிறத்தில் வந்திருக்கிறது. பார்லரை மூடியே வைத்திருக்கிறாள். தை மாதத்துக்கு மூன்று கல்யாணப் பெண்கள் சொல்லி வைத்திருந்தார்கள், ஒருத்தி வேறு இடம் போய்விட்டாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

வெள்ளை மெழுகு ஈரோட்டிலிருந்து வந்தது. காலையில் மூக்குக்குப் பாடம். கிராம்பை நினைத்துக்கொண்டு கிராம்பை மோந்தேன். ஒன்றுமில்லை. நாளைக்கும் செய்வேன்.

ஜனவரி 6, திங்கள்

மூன்றாவது டப்பா. என் முழங்கை உள்பக்கம் தடவியிருக்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அசீனா டாக்டரிடம் டப்பாவைக் காட்டி, தடவிப் பார்க்கலாம் என்று அனுமதி வாங்கிவந்தாள். என் எதிரிலேயே முழங்கையை நீட்டினாள். என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மறுபடி ஏதாவது ஆனால்?

"வெச்சு விடுங்க்கா. கொமரிப் புள்ளைக்கு மருதாணி வெக்கற மாதிரி இவ்ளோ நேரமா?"

வைத்தேன். பொட்டளவுதான். இன்றும் நாளையும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்துகொண்டேதான் இருப்பேன். அதை நாளைக்கு எழுத வெட்கமாக இருக்கும், இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

சிவக்கவில்லை. அரிக்கவில்லை. அவள் கை முழுக்கத் தடவ ஆரம்பித்திருக்கிறாள்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

தை பிறந்துவிட்டது. அண்ணன் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "நாளானைக்கு வண்டியோட வர்றேன்" என்றார். சரிங்ணா என்றேன். வர வேண்டாம் என்று போனில் சொல்வது மரியாதை இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 16, வியாழன்

அண்ணன் சொன்னபடி வந்தார். வாசலில் டெம்போ நிற்கிறது, டிரைவர் கயிற்றை எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். அண்ணன் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். அடுப்பு மேலே சட்டி, மேசையில் தராசு, வரிசையாகக் கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள்.

"என்ன அம்முணி, ஒண்ணும் கட்டாம வெச்சிருக்கற?"

"கட்டல."

"கோயமுத்தூர்க் கடையில ஏறுச்சா?"

"ஏறலீங்ணா."

"அப்பறம்? வாக்குக் குடுத்தியே?"

"குடுத்தேன். மாத்திக்கறேன். கோவிச்சுக்கங்க, திட்டிக்கங்க. நான் வரல."

அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. மூக்கு போன கதையை அண்ணியிடம் சொல்லியிருந்தேன், அது அவருக்கும் போயிருக்கிறது. உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினார். "கண்ணு, நான் உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன். மூக்கே இல்லாம நீ எண்ணெய் வியாபாரம் பண்றது எப்புடி? மறுபடி ஒருத்தரு கைய வேக வெச்சீன்னா?"

அந்தக் கேள்வி நெஞ்சில் குத்தியது. அதைத்தானே நான் தினமும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். "அந்த பயம் இருக்கறதுனாலதாங்ணா நிறுத்துச் செய்யறேன். மூக்கு இருந்தப்ப பயமே இல்ல" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

அப்போதுதான் அசீனா வந்தாள். கையில் உறை இல்லை. காலையில் கல்யாணப் பெண் ஒருத்திக்கு மசாஜ் முடித்துவிட்டு நேராக வருகிறாள். அண்ணனைப் பார்த்ததும், வாசலில் நின்ற டெம்போவையும் பார்த்திருப்பாள் போல, அவள் முகமும் வெளுத்துவிட்டது. கொண்டுவந்த களிம்பு டப்பாவை என் முன்னால் மேசையில் வைத்தாள். "காலியாகப் போகுது. அந்தப் புள்ள அவங்க அம்மாவுக்கும் ஒண்ணு கேட்டுச்சு" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அண்ணன் அந்தக் கைகளையே பார்த்தார். கார்த்திகையில் அவை எப்படி இருந்தன என்பதையும் அண்ணி சொல்லித்தான் இருப்பாள். பிறகு டப்பாவை எடுத்துத் திறந்து, எல்லாரும் செய்வதுபோல முதலில் மூக்கில் வைத்தார். மறுபடியும் வைத்தார்.

"என்ன அம்முணி, ஒரு வாசமும் வரல?"

அசீனா வாங்கி மோந்தாள். "எனக்கும் வரலீங்ணா."

என்னிடம் நீட்டினாள். வாங்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு இழுத்தேன்.

"எனக்கும் வரல" என்றேன்.

அசீனாதான் முதலில் சிரித்தாள். பிறகு நான். காய்ச்சலுக்கு அப்புறம் ஒன்றை மோந்து, மற்றவர்களுக்கு என்னவோ அதேதான் எனக்கும் என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தன் வெறுங்கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். மெத்தென்று இருந்தது.

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டப்பாவை மூடி மேசையில் வைத்தார். எழுந்து வாசலுக்குப் போய் டிரைவரிடம், "நீ கெளம்புப்பா, லோடு இல்ல" என்றார்.